முப்பது வாசல்

போன மாதம் பூதப்பாண்டிக்குப் போயிருந்தேன். நண்பன் வீட்டு மச்சை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த குத்துவிளக்கு, பழைய நெல் மரக்கால், கரையான் தின்ற பாடப் புத்தகங்கள், இவற்றுக்கு நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளங்கை அகலம், முன்பக்கம் வரிசையாகச் சின்ன விளக்குகள், பின்னால் டெலிபோன் ஒயர் செருக ரெண்டு ஓட்டை. நண்பனின் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அதை எடுத்துக்கொண்டு வந்து, "இது என்ன மாமா, ரேடியோவா?" என்றான்.

"ரேடியோ மாதிரி சத்தம் போடும் மக்கா. மோடம்."

சத்தம் எப்படி இருக்கும் என்று வாயால் செய்து காட்டினேன். டயல் டோன், பத்து எண்கள், ஒரு கீச்சு, அப்புறம் அந்தக் கரகரப்பு. பையன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கேட்டான்: "சரி, இந்தப் பக்கம் இது சத்தம் போடுது. அந்தப் பக்கம் யாரு இருப்பா?"

மோடம் சத்தத்தைப் பற்றி எழுதாதவர்கள் என் வயதில் குறைவு. தொண்ணூறுகளின் பிள்ளைகள் எல்லோருக்கும் அது ஒரு தாலாட்டு ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பக்கம் போனை எடுத்தது யார் என்று கேட்டவர்களை நான் கண்டதில்லை. அந்தப் பக்கம் ஒரு பெட்டி இருந்தது. நாகர்கோவிலில் அந்தப் பெட்டிகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு முறையான பெயர் நெட்வொர்க் ஆக்சஸ் சர்வர். நாங்கள் சுருக்கமாக 'ராஸ்' என்போம். வேலை எளிது: டெலிபோனில் வருகிறவனை எடுத்து, யார் என்று கேட்டு, சரியான ஆள் என்றால் இன்டர்நெட்டுக்குள் விடுவது. கோயில் வாசலில் நிற்கும் காவல்காரன் மாதிரி. திருவிதாங்கூரில் எல்லோருக்கும் கோயில் வாசல் திறந்தது 1936ல்தான் என்பதை இந்த ஊரில் பிறந்தவனுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். ஜீவா பிறந்த ஊர் இது. வாசலில் யார் நிற்கிறான், யாரை விடுகிறான் என்பது எங்களுக்குப் பழைய கேள்வி.

இந்தப் பெட்டியின் மூதாதை 1971ல் பிறந்தது. அமெரிக்காவின் அர்ப்பாநெட்டில் அதுவரை பெரிய கணினி வைத்திருந்த இடங்கள் மட்டுமே இணைந்திருந்தன. கணினி இல்லாதவன், வெறும் டெர்மினலும் டெலிபோனும் வைத்திருப்பவன் எப்படி உள்ளே வருவது? அதற்காக பி.பி.என். நிறுவனம் 'டிப்' என்ற ஒன்றைச் செய்தது. ஒரே நேரத்தில் 63 டெர்மினல்கள் வரை அதில் சேரலாம். நெட்வொர்க்கின் சரித்திரத்தில் கேபிளுக்கும் கணினிக்கும் கிடைத்த மரியாதை இந்த வாசல் பெட்டிக்குக் கிடைக்கவில்லை. எனக்கென்னவோ அதுதான் முக்கியமான கண்டுபிடிப்பு என்று படுகிறது. சொந்தமாகக் கணினி இல்லாதவனையும் கணக்கில் எடுத்த முதல் பெட்டி அது.

இந்தியாவில் 1986ல் எர்நெட் தொடங்கியபோது ஐ.ஐ.டி.கள், பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி. என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களுக்கு மட்டும்தான் வாசல். மெட்ராஸ் ஐ.ஐ.டி. அதில் உண்டு. என்.ஐ.சி.யின் நிக்நெட் இன்னொரு பக்கம் மாவட்டத் தலைநகரங்களுக்கெல்லாம் சாட்டிலைட் டிஷ் வைத்துக்கொண்டே வந்தது. ஆனால் அது சர்க்கார் சர்க்காரோடு பேசுவதற்கு. பட்டா நகல் வாங்கக் கால்கடுக்க நிற்கிறவனுக்கு மொட்டைமாடியில் டிஷ் இருந்தென்ன, காக்கா கூடு இருந்தென்ன.

பொதுஜனத்துக்கு வாசல் திறந்தது 1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். பம்பாய், டில்லி, கல்கத்தா, மெட்ராஸ் என்று பெருநகரங்களில் ஆரம்பித்தது. வேகம் 9.6 கிலோபிட். மாணவர்களுக்கு வருடம் 500 ரூபாயில் 'ஷெல்' கணக்கு. எழுத்து மட்டும் தெரியும், படம் வராது. படத்தோடு வேண்டுமென்றால் வருடத்துக்குப் பதினைந்தாயிரம், கம்பெனி என்றால் அதற்கும் மேல். அன்று ஒரு எல்.பி. வாத்தியாருக்கு அது பல மாதச் சம்பளம். ஆரம்ப நாட்களில் மோடங்கள் போதவில்லை, லைன் கிடைக்கவில்லை, ஜனங்கள் கொதித்தார்கள். சறுக்கிவிட்டோம் என்று அதன் தலைவர் பி.கே. சிங்கல் வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டார். அப்படி ஒத்துக்கொண்ட அதிகாரிகள் நம் நாட்டில் எத்தனை பேர்?

பூதப்பாண்டியிலிருந்து மெட்ராஸ் 700 கிலோமீட்டர். அந்த வாசலைத் தட்ட வேண்டுமென்றால் எஸ்.டி.டி. போட வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கட்டணம் குறையும் என்று எஸ்.டி.டி. பூத் முன்னால் வரிசையில் நின்ற காலம் அது. வளைகுடாவில் இருக்கிற மகனோடு மூன்று நிமிடம் பேசவே தாலி தவிர மற்றதையெல்லாம் கணக்குப் பார்த்தார்கள். இதில் இன்டர்நெட்டுக்காக எஸ்.டி.டி. போடுவதாவது. சட்டப்படி யாரும் எங்களைத் தடுக்கவில்லை. தூரம் தடுத்தது.

ரெண்டு காரியங்கள் நிலைமையை மாற்றின. 1998 நவம்பரில் தனியாருக்கும் இன்டர்நெட் சேவை திறந்துவிடப்பட்டது. சென்னையிலிருந்து சத்யம் இன்ஃபோவே உடனே களத்தில் இறங்கியது. அடுத்தது 1999ன் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை. 2000க்குள் எல்லா மாவட்டத் தலைநகரங்களுக்கும் இன்டர்நெட் என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு நாகர்கோவிலில் என்ன அர்த்தம்? பூதப்பாண்டிக்காரன் லோக்கல் காலில் வாசலைத் தட்டலாம். பத்து கிலோமீட்டர் சொச்சம்தான். 700 பத்தானது. பூதப்பாண்டியின் இன்டர்நெட் வரலாற்றில் இதைவிடப் பெரிய வேகம் பிறகு எந்த ஃபைபரிலும் வரவில்லை என்பேன்.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டுச் சும்மா இருந்த எனக்கு அப்போதுதான் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். இப்போது அந்தக் கம்பெனி இல்லை. ரெண்டாவது மாடியில் ஓர் அறை, ஒரு ஏ.சி., பத்தொன்பது அங்குல ரேக், கீழே யு.பி.எஸ். பேட்டரிகள். முதல் வேலையாக என்னைக் குழி தோண்டுகிற ஆட்களோடு நிற்க வைத்தார்கள். எர்த் குழி. கரியும் உப்பும் அடுக்கி, செம்புத் தகடு இறக்கி, தண்ணீர் ஊற்றி மூடுவது. ஐப்பசி கார்த்திகையில் மேற்கு மலையில் இடி விழுகிற ஊரில் எர்த் சரியில்லை என்றால் லட்ச ரூபாய்ப் பெட்டி ஒரே ராத்திரியில் கரியாகிவிடும். "பொட்டிய விட குழிதான்டே முக்கியம்" என்றார் எங்கள் சீனியர். ஏ.சி. ஓடாவிட்டாலும் ரெண்டு மணி நேரம் சமாளிக்கலாம், எர்த் இல்லாமல் ஒரு மின்னலைச் சமாளிக்க முடியாது.

பெட்டி வந்தது. பீட்சா டப்பாவை ரெண்டு அடுக்கி வைத்த உயரம்தான். உள்ளே நிறைய மோடங்கள் வரிசையாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். பழைய முறையில் அப்படித்தான்: ஒரு டெலிபோன் லைனுக்கு ஒரு மோடம், அலமாரி நிறைய, ஒயர்க்காடு. இதில் ஒரு கார்டுக்குள் டஜன் கணக்கில் மோடங்கள் வெறும் சிப்பாக இருந்தன. டெலிபோன் லைன்கள் தனித்தனியாக வரவில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து 'ஈ ஒன்' என்ற ஒரே இணைப்பு. நொடிக்கு 2,048 கிலோபிட். அதை 32 துண்டாகப் போட்டிருப்பார்கள். ஒரு துண்டு தாளம் சேர, ஒரு துண்டு அழைப்பு விவரம் சொல்ல. மிச்சம் முப்பது. முப்பது வாசல்.

இந்த டிஜிட்டல் இணைப்பில் ஒரு ரகசியம் உண்டு. 56 கிலோபிட் மோடம் என்று கடையில் விற்றார்களே, அது வேலை செய்ய வேண்டுமானால் அந்தப் பக்கம் இருக்கிற பெட்டி எக்ஸ்சேஞ்சோடு டிஜிட்டலாக இணைந்திருக்க வேண்டும். 1998ல் வந்த வி.90 என்ற தரம் அந்த அனுமானத்தில்தான் நிற்கிறது. குரலை எண்ணாக மாற்றும் வேலை வழியில் ஒரே ஒரு தடவைதான் நடக்கலாம். ரெண்டு தடவை நடந்தால் 33.6க்கு இறங்கிவிடும். வீட்டில் இருப்பவன் எவ்வளவு விலை கொடுத்து மோடம் வாங்கினாலும் அவன் வேகத்தைத் தீர்மானித்தது அவன் பார்த்தே இராத பெட்டியும் தெருமுனைப் பில்லர் பாக்ஸில் மழைத்தண்ணீர் இறங்கிய ஜாயின்டும்தான்.

நிறுவிய முதல் வாரம் மூன்று நாள் எனக்குத் தூக்கம் இல்லை. கனெக்ட் ஆகும், நாலைந்து நிமிடத்தில் அறுந்துவிடும். ஒரே ஒரு லைன் இல்லை, எல்லாமே. முதலில் கேபிளைச் சந்தேகித்தேன். போகிற ஒயரையும் வருகிற ஒயரையும் மாற்றிச் செருகினால் சிவப்பு விளக்கு எரியும், எரியவில்லை. பி.என்.சி. முனைகளைத் திரும்பக் கிரிம்ப் செய்தேன். எர்த்தை அளந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி, நீலக் கன்சோல் கேபிளை மாட்டிக்கொண்டு எண்களை வெறித்துப் பார்க்கையில், 'ஸ்லிப்' என்ற கணக்கு மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. காரணம் கடிகாரம். எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு கடிகாரம், எங்கள் பெட்டிக்குள் ஒரு கடிகாரம். ரெண்டும் அவரவர் தாளத்தில் ஓடின. வித்தியாசம் மயிரிழைதான், ஆனால் சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்தில் ஒரு துண்டு தவறும். குரலில் அது ஒரு சின்ன டிக், காதுக்குத் தெரியாது. மோடத்துக்கு அது உயிர் போகிற காரியம். உன் கடிகாரத்தை விடு, லைனில் வருகிற கடிகாரத்தைப் பின்பற்று என்று ஒரே ஒரு வரி அடித்தேன். நின்றுவிட்டது. கெட்டிமேளத்துக்குத் தவில்காரர் நாதஸ்வரக்காரரைப் பார்க்காமல் வாசித்தால் என்ன ஆகும், அதுதான்.

யார் என்று கேட்கிற வேலைக்குத் தனியாக ஒரு கணினி. அதில் ஓடுவது 'ரேடியஸ்'. அமெரிக்காவில் லிவிங்ஸ்டன் என்ற கம்பெனி தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தன் பெட்டிகளுக்காகச் செய்த ஏற்பாடு. 1997ல் பொது வரையறையாக வெளிவந்தது. உள்ளே வந்தவன் பெயர், வந்த நேரம், போன நேரம், எல்லாம் அதில் விழும். பிற்பாடு டயல்-அப் செத்தது, ரேடியஸ் சாகவில்லை. இன்று உங்கள் கல்லூரி வைஃபையில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டால் பின்னால் பெரும்பாலும் அதே கிழவன்தான் உட்கார்ந்திருக்கிறான்.

இனிச் சொல்ல வேண்டியது கணக்கு. முப்பது வாசலுக்கு முந்நூறு பேருக்கு மேல் கார்டு விற்றிருந்தோம். இது மோசடி இல்லை, உலகம் முழுக்க அப்படித்தான். பத்துப் பேருக்கு ஒரு வாசல் என்பது அந்தத் தொழிலில் சாதாரணக் கணக்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் வர மாட்டார்கள் என்ற நம்பிக்கை. முப்பது பேரும் 56 கேட்டால் 1,680 கிலோபிட் வேண்டும். எங்களிடம் வெளியே போகிற குழாய் 128. அதுவும் நம்பிக்கைதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சே அப்படிக் கட்டப்பட்டதுதான்: ஒருவர் நெரிசலான ஒரு மணி நேரத்தில் சராசரி ஆறு நிமிடம் பேசுவார் என்று வைத்துக் கட்டியது. இன்டர்நெட்காரன் போனை எடுத்தால் ஒரு மணி நேரம் வைக்க மாட்டான்.

இந்தச் சிக்கலை நம் நாட்டில் யோசித்தவர்களில் ஒருவர் மெட்ராஸ் ஐ.ஐ.டி.யின் அசோக் ஜுன்ஜுன்வாலா. இன்டர்நெட் போக்குவரத்தை எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே விடக் கூடாது, சந்தாதாரர் பக்கத்திலேயே பிரித்துவிட வேண்டும் என்றார். அவருடைய டெனெட் குழு செய்த கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையில் போன் பேசிக்கொண்டே 35 கிலோபிட், பேசாவிட்டால் 70. கோபுரத்திலிருந்து நேர்ப்பார்வையில் பத்து கிலோமீட்டர். அதை வைத்து மதுரைப் பக்கம் மேலூரில் கிராமக் கடைகள் தொடங்கினார்கள். நாகர்கோவில் கோபுரத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குக் காம்பஸில் வட்டம் போட்டால் கோடு பூதப்பாண்டியைத் தொட்டும் தொடாமலும் போகும். நான் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு மேலூர் கிடைக்கவில்லை. கிடைத்தது என் நண்பன். அவன் அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலியை அடகு வைத்து, பூதப்பாண்டியில் மூன்று கணினிகளோடு ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தான். ஒரு டெலிபோன் லைன், ஒரு மோடம், அதை மூன்றாகப் பங்கு. அந்த மச்சில் கிடைத்த கறுப்புப் பெட்டிதான் அது. நான்தான் எங்கள் கம்பெனி கார்டை வாங்கச் சொன்னேன். "நீ இருக்கேல்லா, பெறவு என்ன" என்றான்.

2002 மே, பிளஸ் டூ ரிசல்ட். காலையிலேயே போன் அடித்தான். "லேய், எங்கேஜ்டு டோன்தான் வருகு. தெசனங்கோப்புலேருந்து, அழகியபாண்டியபுரத்துலேருந்தெல்லாம் பிள்ளைய வந்து நிக்குவு. ஒண்ணு ஒண்ணா அழத் தொடங்கியாச்சு. ஏதாம் செய்யிடே."

திரையைப் பார்த்தேன். முப்பதும் நிறைந்திருந்தது. பெரும்பாலும் அரை மணி, கால் மணி. ஒரே ஒரு பெயர் மட்டும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல். கிட்டத்தட்ட எதுவும் இறங்கவில்லை, ஏறவில்லை. இணைப்பைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான் என்று நினைத்தேன். அந்த வாசலைக் காலி செய்ய ஒரு வரி போதும். "இப்ப போடு" என்று நண்பனிடம் சொல்லிவிட்டு என்டரைத் தட்டினேன். சில நொடியில் அவன் பெயர் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. அன்று அவன் கடையில் நாற்பது பிள்ளைகளுக்கு மேல் மதிப்பெண் பார்த்தார்கள். சாயங்காலம் எனக்கு அண்டி ஆபீஸ் பக்கத்துக் கடையில் பரோட்டா வாங்கிக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் ஒரு பெரியவர் மாடிப்படி ஏறி வந்தார். வேட்டி, கதர்ச் சட்டை, மூச்சு வாங்கியது. ரிட்டயர்டு வாத்தியார். மகன் அமெரிக்காவில். "தம்பி, நேத்து நெட்டு நடுவுல போயிட்டு. நம்ம போன்ல கோளாறா, இங்க ஏதாம் கோளாறா?" ஒரு விரலால் தட்டித் தட்டித் தமிழில் மெயில் எழுதுவாராம். முரசு அஞ்சல் போட்டிருந்தார். இணைப்பில் இருந்துகொண்டே அந்தப் பக்கத்தில் நேராக அடிப்பார். எழுதிச் சேமித்துவிட்டுப் பிறகு அனுப்பலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. முக்கியமான கடிதமா என்று கேட்டேன். "வீட்ல அவளுக்கு முடியல. ஆஸ்பத்திரியில சொன்னத ஒழுங்கா வரிசையா எழுதிட்டு வந்தேன். ரெண்டு மணிக்கூறு ஆச்சு மக்கா. போட்டும். இன்னைக்கு இன்னொருக்கா எழுதுகேன்."

திருவிதாங்கூரில் அஞ்சல் என்பது ராஜாவின் சொந்தத் தபால். 1951ல் இந்தியத் தபாலோடு சேரும்வரை ஓடியது. கையில் சலங்கை கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரன் வருவான். சத்தம் கேட்டால் வழியில் போகிறவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். என் பாட்டி சொல்லிக் கேட்டது. வாத்தியார் படியிறங்கிப் போனபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. லைன் கோளாறு என்றுதான் அவரிடம் சொன்னேன். கணக்கில் ஐந்து மணி நேரம் கூடுதலாக ஏற்றிவிட்டேன். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. பி.எஸ்.என்.எல். கணக்கே இல்லாமல் டயல் செய்தால் போதும், போன் பில்லில் சேர்ந்துவிடும் என்றது. எங்கள் கார்டு யாருக்கு வேண்டும்? 2005 ஜனவரியில் பிராட்பேண்ட் வந்தது. ராத்திரி ரெண்டு மணியிலிருந்து எட்டு மணிவரை கணக்கில்லை என்ற திட்டத்துக்காகப் பையன்கள் அலாரம் வைத்து எழுந்தார்கள். இந்தப் பெட்டிகள் செய்த அசென்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியை 1999ல் லூசன்ட் இருபது பில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தது. எங்கள் பெட்டி வடசேரியில் ஒரு காயலான் கடைக்கு எடை போட்டுப் போனது. எர்த் குழியில் இருந்த செம்புத் தகட்டுக்குத்தான் நல்ல விலை கிடைத்தது என்று சீனியர் சொன்னார்.

நண்பன் கடை அதற்கு முன்பே ஜெராக்ஸ் கடையாகிவிட்டது. சங்கிலியை மீட்க அவனுக்கு ஆறு வருடம் ஆனது. அன்று ரிசல்ட் பார்த்த பிள்ளைகளில் ஒருத்தி இப்போது அவன் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

மச்சிலிருந்து இறங்கி வந்து பையனுக்கு இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். வாத்தியார் கதையையும். அவன் மோடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பாக்குத் தெரியுமா மாமா, நீங்க இன்னொரு ஆள வெட்டி விட்டுட்டுத்தான் அப்பாவ விட்டீங்கன்னு?"

திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த நண்பன் தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "தெரியாம என்ன. முப்பதும் நெறஞ்சு கெடக்கும்போ எனக்கு மட்டும் எங்கேருந்து வரும்?"